இரண்டு ஓரகத்திகளும் ஒரு கைப்பையும்

சின்னவளும் பெரியவளும் பேசி மூன்று வருடமாகிவிட்டது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். மாடியில் பெரியவள், கீழே சின்னவள். வாசல் ஒன்றுதான், தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான், துணி காயப்போடும் கொடியும் ஒன்றுதான். ஆனால் கொடியின் நடுவில் இரண்டு முழம் காலியாக விட்டுத்தான் இருவரும் துணி போடுவார்கள். தப்பித்தவறி காற்றில் ஒருத்தியின் துணி மற்றவளின் துணியில் பட்டுவிட்டால், பட்ட துணி மறுபடியும் வாளிக்குப் போகும்.

எல்லாம் சின்னவளின் தையல் மெஷினால் வந்தது. முன்பு அது முன்னறையில் ஜன்னலோரம் இருந்தது. பெரியவளின் மகளுக்குப் பரீட்சை வந்தபோது, சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று பெரியவள் தன் கொழுந்தனிடம் சொன்னாள். அவன் அன்றைக்கே மெஷினைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய சாமான் இடுக்கில் வைத்துவிட்டான். பரீட்சை முடிந்தது, மகள் வெளியூருக்குப் படிக்கப் போனாள், மெஷின் மட்டும் அங்கேயே கிடந்தது. பகலிலும் பல்பு போட்டுத்தான் தைக்க வேண்டும். மேலே யார் ஏறினாலும் இறங்கினாலும் தலையில் மிதிப்பதுபோல் இருக்கும்.

அதைக்கூடச் சின்னவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது வேறொன்று. ஒருநாள் பக்கத்துத் தெருப் பெண்ணொருத்தி படியில் நின்று, "உங்க ஓரகத்தி நல்லா தைப்பாங்களா?" என்று கேட்டாள். பெரியவள் குரலைக்கூடத் தாழ்த்தாமல், "கிழிசலுக்கு ஒட்டுப் போடணும்னா அவகிட்ட குடுங்க. புதுத் துணிய நம்பிக் குடுத்துடாதீங்க" என்றாள். படிக்குக் கீழே பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த சின்னவளின் காதில் ஒவ்வொரு சொல்லும் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் விழுந்தது. அன்று மூடிய வாய்தான். ஏன் மூடினாள் என்று பெரியவளும் கேட்கவில்லை.

அத்தியாவசியமான செய்திகளைச் சின்னவளின் கணவன் சுமந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிறவன், வீட்டில் "அண்ணி சொல்றாங்க", "அவ சொல்றா" என்று பேச்சை ஏற்றி இறக்கினான். "எங்கயும் ரிப்பேர் ஆகாத லிஃப்ட் நான் ஒருத்தன்தான்" என்று சலித்துக்கொள்வான்.

இப்படி இருக்கும்போதுதான் நாத்தனார் வந்தாள். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே தங்கை. அரசு அலுவலகமொன்றில் வேலை. பதவி உயர்வு வந்திருந்தது, இனி ஒரு பிரிவுக்கே தலைமை. "எனக்கு ஒரு கைப்பை வேணும். கடையில வாங்கினது இல்ல. பெரிய அண்ணி குரோஷால பின்னணும், சின்ன அண்ணி உள்ள லைனிங் போடணும். ரெண்டு பேர் கையும் அதுல இருக்கணும்" என்றாள். அவள் வெகுளி இல்லை. இரண்டு பேரையும் ஒரே நூலில் கட்டிப் பார்க்கலாமென்று கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தாள்.

"அதுக்கென்ன, செஞ்சுட்டாப் போச்சு" என்றாள் மாடியிலிருந்து பெரியவள். "தாராளமா" என்றாள் கீழேயிருந்து சின்னவள். இருவரும் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தே பேசினார்கள்.

பெரியவளின் கையில் வேலை உண்டு. அதைச் சின்னவளால்கூட மறுக்க முடியாது. பன்னிரண்டாம் நாள் பின்னி முடித்த பை படிக்கட்டின் கைப்பிடியில் தொங்கியது. கெட்டியான பருத்தி நூல், காய்ந்த செங்கல்லின் நிறம். முட்டை வடிவ அடியிலிருந்து சுற்றுச் சுற்றாக எழும்பி, வாய்க்கருகில் சற்றே குறுகியிருந்தது. கண்ணிகள் நெல்மணிபோல் ஒரே அளவு. எங்கே தொடங்கினாள், எங்கே முடித்தாள் என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சின்னவள் அதைக் கவிழ்த்துப் பார்த்தாள், உள்ளே கைவிட்டுப் பார்த்தாள், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதனாலேயே வயிறு எரிந்தது.

அளவெடுத்துக் கருநீலத் துணி வெட்டினாள். அடிக்குக் கான்வாஸ் கொடுத்தாள். போனுக்கு ஒரு பாக்கெட், சாவிக்கு ஒரு பாக்கெட், வாய்க்கு ஜிப். பின்னலோடு சேர்க்கும் இடத்தில் மெஷின் ஆகாது, கைத்தையல்தான். வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாமல் கண்ணி கண்ணியாகப் பிடித்துத் தைத்தாள். தைத்த பையைக் கைப்பிடியில் மாட்டினாள்.

மறுநாள் அது திரும்பி வந்தது. "உள்துணி பத்தலையாம். பை மேல தூக்கிக்கிட்டு நிக்குதாம். அண்ணி சொல்றாங்க" என்றான் கணவன்.

சின்னவள் அளந்து பார்த்தாள். உண்மைதான். அவள் அளவெடுத்தபோது இருந்ததைவிடப் பை அரை விரல் பெரிதாக இருந்தது. பின்னல் தானாக வளராது. ஈரத்துணி போட்டு இஸ்திரி வைத்து இழுத்திருக்கிறாள்! பேசாமல் பிரித்தாள், பெரிதாக வெட்டித் தைத்தாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தது. இப்போது உள்துணி தளர்ந்து தொங்குகிறதாம். இழுத்த பின்னல் தன் பழைய அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"வேணும்னே பண்றா" என்றாள் சின்னவள்.

"ஒரு பைக்குப் போய் எதுக்கு…" என்று கணவன் இழுத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனைவியைச் சிரிக்க வைப்பதாக நினைத்து மீதியையும் சொன்னான். "அண்ணிகூடச் சொன்னாங்க, ஒட்டுப் போடுற கைக்கு இதுவே ஜாஸ்தின்னு."

சின்னவள் சிரிக்கவில்லை. அவன் வேலைக்குப் போன பிறகு படிக்குக் கீழே உட்கார்ந்து பழைய லைனிங்கைப் பிளேடால் பிரித்தெடுத்தாள். வெற்றுப் பை மடியில் கிடந்தது. அதை உள்பக்கம் வெளியே வரப் புரட்டினாள். அடியின் வளைவில், கான்வாஸ் வந்து மூடப்போகிற இடத்தில், ஒரு கண்ணியின் கீழே பிளேடின் முனையை நுழைத்தாள். கை தவறியது என்று பின்னால் சொல்லியிருக்கலாம். ஆனால் தவறவில்லை. ஒரு மூச்சு நேரம் யோசித்துத்தான் வெட்டினாள். நூல் 'டிக்'கென்று அறுந்தது. பக்கத்தில் இன்னொன்றையும் வெட்டினாள்.

குரோஷாவில் நடுவே ஒரு கண்ணி அறுந்தால் உடனே எல்லாம் உருவிக்கொண்டு வந்துவிடாது. பையில் பாரம் வைக்க வைக்க, தோளில் ஆட ஆட, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாய் பிளக்கும். சின்னவளுக்கு அது தெரியும். அலுவலகத்தில் பத்துப் பேர் நடுவில் பிளக்கட்டும், அந்தக் கைராசிக்காரியின் பேர் நாறட்டும் என்று நினைத்தாள்.

பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. பிளேடைக் கீழே வைத்துவிட்டு ஊசியை எடுத்தவுடன், கை அரைகுறையாகத் தைக்க மறுத்தது. தன் பேரும் அதில் இருக்கிறதல்லவா? கான்வாஸை இரட்டையாக மடித்தாள். ஓரத்தை இருமுறை தைத்தாள். அவள் வாழ்நாளில் தைத்த லைனிங்குகளில் அதுதான் முதல்தரம்.

நாத்தனார் வந்து பையைத் தோளில் மாட்டிக் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "பெரிய அண்ணி, பின்னிட்டீங்க!" என்றாள். அப்புறம் நினைவு வந்தவளாக, "சின்ன அண்ணி, ஜிப்பு நல்லா ஓடுது" என்றாள்.

ஜிப்பு நல்லா ஓடுதாம். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதன்பிறகு காத்திருப்பு. முதல் வாரம் போன் அடித்தாலே ஆசையாக ஓடினாள். இரண்டாம் வாரம் அலுப்பு வந்தது. நான்காம் வாரத்தில் ஆசை மாறிப் பயமாகிவிட்டது. பேருந்தில் ஏறும்போது பிளந்தால்? அலுவலகச் சாவி விழுந்தால்? எதற்கு அந்தப் பெண்ணின் பையில் கை வைத்தோம், அவள் நமக்கு என்ன செய்தாள் என்று தோன்றும். அடுத்த நிமிடம் மேலே படியில் பெரியவளின் காலடி கேட்கும், 'பிளக்கட்டும்' என்று மனம் மறுபடி கல்லாகும்.

ஆறாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் பையோடு வந்தாள். அண்ணன் தம்பி இருவரும் முன்னறையில் இருந்தார்கள். பெரியவள் படியில் நின்றாள்.

"பெரிய அண்ணி, உங்க பைக்குப் பல்லு விழுந்துடுச்சு" என்று சிரித்தபடி பையைக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் மூன்று விரல் நுழையும் ஓட்டை. நூல்கள் பிய்ந்து தொங்கின. அதன் வழியே இரட்டைக் கான்வாஸ், கொஞ்சமும் கசங்காமல், ஒரு தையல்கூட விடாமல் தெரிந்தது. "சின்ன அண்ணி மட்டும் இந்த லைனிங்கை இப்படிப் போடலைன்னா என் போன், சாவி, எல்லாம் மூணு மாடி உருண்டிருக்கும். என் ஆபீஸ்ல எல்லாரும் கேக்குறாங்க, யாரு தைச்சதுன்னு."

சின்னவளின் கணவன் மனைவியைப் பெருமையாகப் பார்த்தான். மூன்று வருடமாக அவள் ஏங்கிய வார்த்தைகள் அவை. வாயில் போட்டுக்கொண்ட பிறகு வேப்பங்காயாகக் கசந்தன.

பெரியவளின் முகத்தில் ஈயாடவில்லை. "என் பின்னல் இதுவரைக்கும் பிரிஞ்சதே இல்ல" என்றாள் மெதுவாக. "குடு, பாக்கறேன்." பையை வாங்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

மறுநாள் ஆண்கள் வேலைக்குப் போனதும் அவள் படியிறங்கி வந்தாள். மூன்று வருடத்தில் முதல்முறையாகப் படிக்கடியில் குனிந்து நின்றாள். உள்ளங்கையில் ஒரு நூல் துண்டு.

"இதப் பாரு" என்றாள். "தேஞ்சு அறுந்த நூலு நுனியில பஞ்சா இருக்கும். இது எப்படி இருக்கு? வெட்டுன மாதிரி இருக்கு. ஒண்ணு இல்ல, ரெண்டு எடத்துல."

"எனக்கென்ன தெரியும்?"

"இருபது வருஷமா நூலோட கெடக்கறேன். எங்கிட்டயே காது குத்துறியா?"

சின்னவள் மெஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாக்கா. நான்தான் வெட்டினேன். இப்ப என்ன?"

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வாளென்று பெரியவள் எதிர்பார்க்கவில்லை. "ஏன்டி?"

"ஒட்டுப் போடத்தான் லாயக்குன்னு இதே படியில நின்னு ஊருக்கே சொன்னீங்களே, அதுக்கு."

பெரியவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "சொன்னேனா? சொல்லியிருப்பேன்" என்றாள். "இதுக்காகவா மூணு வருஷமா மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்த?"

அவள் மன்னிப்புக் கேட்டிருந்தால் சின்னவள் அழுதிருப்பாள். சண்டைக்கு வந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். நினைவே இல்லை என்பதற்கு என்ன பதில் சொல்வது?

பெரியவள் நூல் துண்டை முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பயப்படாத. ஆனா இது எங்கிட்டயே இருக்கட்டும்."

அன்றிலிருந்து தொடங்கியது. முதலில் கொடி. நடுவில் விட்டிருந்த இரண்டு முழத்தைத் தாண்டிப் பெரியவளின் துணிகள் வந்தன. சின்னவள் முகம் சுளித்தால், மாடியிலிருந்து பெரியவள் முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டுவாள். அப்புறம் தண்ணீர். தொட்டி நிறைந்ததும் முதல் வாளி மாடிக்குத்தான். மாடிப்படி கூட்டுவது இனி முழுக்கச் சின்னவள் வேலை. பையைச் சரிசெய்து கொடுக்கச் சொல்லி நாத்தனார் இரண்டுமுறை போன் செய்தாள். "அந்த நூலு கிடைக்கல, பாத்துக்கிட்டிருக்கேன்" என்று பெரியவள் தள்ளிப்போட்டாள். பை சரியாகிவிட்டால் பிடி தளர்ந்துவிடுமே.

மூன்றாம் வாரம் படியில் நின்றபடியே சொன்னாள்: "சாயங்காலம் அந்த மெஷின் சத்தம் வேணாம். தலை வலிக்குது. நிறுத்திக்கோ."

சின்னவள் நிறுத்தினாள். பல்பையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். செய்த தப்புக்குத் தண்டனை என்றால் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் இது தண்டனை இல்லை. மூக்கணாங்கயிறு. ஆயுசு முழுக்க இழுத்த இழுப்புக்கு நடக்க வேண்டும். எழுபது வயதிலும் அந்த முடிச்சு அங்கே இருக்கும்.

அந்த ஞாயிறு நாத்தனார் பையை வாங்கிப்போக வந்து நேராக மாடிக்குப் போனாள். அண்ணன் தம்பி இருவரும் மேலேதான் இருந்தார்கள். சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு படியேறினாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் மாடி வாசலில் நின்றதைக் கண்டு எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"அந்தப் பை தானாப் பிரியல. நான்தான் பிளேடால வெட்டினேன்" என்றாள். "லைனிங் போடும்போது, தெரிஞ்சே. அக்காவுக்குக் கெட்ட பேரு வரணும்னு."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவளுடைய கணவன்தான் முதலில், "என்ன உளர்ற?" என்றான்.

"உளறல. அக்காவுக்கும் தெரியும். மூணு வாரமாத் தெரியும். முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்காங்க, கேளுங்க."

பெரியவளின் கை அனிச்சையாக முந்தானைக்குப் போனது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்தது. அது வெட்கமில்லை, ஆத்திரம். கையிலிருந்த கயிற்றை மாடே அறுத்துக்கொண்டு போய்விட்டதே!

"வீட்டு மானம் போகக்கூடாதுன்னு மறைச்சேன்" என்றாள். "நன்றி கெட்டவ."

"மறைச்சீங்களா அண்ணி?" என்றாள் நாத்தனார். "அப்போ நான் போன் பண்ணப்பல்லாம் நூலு கிடைக்கலன்னு சொன்னது?" பிறகு சின்னவள் பக்கம் திரும்பினாள். அவள் குரல் உயரவில்லை, அதுதான் சுட்டது. "நான் என்ன பாவம் பண்ணினேன் சின்ன அண்ணி? அது என் பை."

"தப்புதான்" என்றாள் சின்னவள். "உங்கிட்ட மட்டும் மன்னிப்புக் கேக்கறேன்."

அந்த 'மட்டும்' பெரியவளுக்கு உறைத்தது. "எங்கிட்ட யாரு கேட்டா உன் மன்னிப்ப?" என்று எழுந்தாள். அவளுடைய கணவர் "உக்காரு" என்றார். மூன்று வருடத்தில் இந்த விவகாரத்தில் அவர் பேசிய முதல் சொல் அது.

நாத்தனார் பையை மேசைமேல் வைத்தாள். "ரெண்டு பேரும் இப்பவே, என் கண்ணு முன்னால சரி பண்ணுங்க. நான் போகமாட்டேன்."

சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தார்கள். மேசையின் இந்தப் பக்கம் சின்னவள், அந்தப் பக்கம் பெரியவள். சின்னவள் அடிப்பக்கத்து லைனிங்கைப் பிரித்தாள். பெரியவள் பிய்ந்த அடியை முழுவதுமாக அறுத்தெடுத்துவிட்டு, கீழ்வரிசைக் கண்ணிகளைப் பிடித்துப் புதிதாகப் பின்னத் தொடங்கினாள். கண்ணி நழுவாமல் எதிரிலிருந்து யாராவது பிடிக்க வேண்டும். சின்னவள் பிடித்தாள். இரண்டு பேரின் விரல்களும் உரசின. இருவரும் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார்கள், மறுபடி பிடித்தார்கள்.

"இறுக்கிப் பிடிக்காத."

"நீங்க இழுக்காதீங்க. இஸ்திரி போட்டு இழுத்தீங்களே, அது மாதிரி."

ஊசி நின்றது. "யாரு சொன்னா?"

"அரை விரல் பெருசாச்சுக்கா. பை என்ன புள்ளையா, வளர்றதுக்கு? இழுத்தீங்களா இல்லையா?"

பெரியவள் நாத்தனாரைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். "இழுத்தேன்" என்றாள். "அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. பின்னுங்க."

பொழுது சாய்வதற்குள் பை சரியாகிவிட்டது. பழைய அடியைவிடக் கெட்டி. நாத்தனார் அதைத் தோளில் மாட்டிக்கொண்டாள், கண்ணாடி பார்க்கவில்லை, நல்லா இருக்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. "இனிமே உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வார்த்தையைக் காப்பாற்றினாள்.

சின்னவளின் கணவன் பத்து நாள் அவளோடு பேசவில்லை. பதினோராம் நாள் மெஷினைப் படிக்கடியிலிருந்து தூக்கி முன்னறை ஜன்னலோரம் வைத்தான். அது கோபமா இரக்கமா என்று அவள் கேட்கவில்லை. அவனும் இனி செய்தி சுமக்கத் தேவையில்லாமல் போயிற்று. ஏனென்றால் ஓரகத்திகள் இப்போது நேருக்கு நேர் பேசினார்கள். பேச்சா அது? கொடிக்குச் சண்டை, தண்ணீருக்குச் சண்டை, கதவைச் சாத்தியதற்குச் சண்டை. மௌனமே தேவலை என்று அண்ணனும் தம்பியும் காதைப் பொத்திக்கொண்டார்கள். நல்லது என்னவென்றால், எந்தச் சண்டையும் மூன்று வருடம் ஊறவில்லை. காலையில் மூண்டது மதியத்துக்குள் ஓய்ந்து, சாயங்காலம் புதிதாக ஒன்று பிறந்தது.

நான்கு மாதம் கழித்துப் பெரியவளிடம் ஆறு பைகள் பின்னித்தரும்படி யாரோ சொன்னார்கள். லைனிங்குக்கு முதல் பையைக் கடைத்தெருத் தையல்காரரிடம் கொடுத்தாள். அவர் மெஷினிலேயே ஓட்டி, பின்னலைச் சுருக்கிக் கொடுத்தார். அதைப் பிரித்து எடுத்துக்கொண்டு, ஒரு முக்காலியையும் தூக்கிக்கொண்டு பெரியவள் கீழே வந்தாள். பையைச் சின்னவளின் மடியில் போட்டாள். முக்காலியை மெஷினுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"தைச்சு முடிக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன். உன்ன நம்ப எனக்கென்ன பைத்தியமா?"

"இருங்க. அப்பத்தான் இதை எடுத்துட்டுப் போய் இஸ்திரி போட மாட்டீங்க."

"பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல."

"வெளிச்சத்த மறைக்கிறீங்கக்கா. தள்ளி உக்காருங்க."

பெரியவள் ஒரு சாண் தள்ளினாள். அதற்குமேல் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. சின்னவள் பையைக் கவிழ்த்து, அளவு நாடாவை எடுத்து, இரண்டு முறை அளந்தாள்.